நான் தொடாத பெட்டி

எங்கள் வீட்டில் நான் தொடாத சாமான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, என் வீட்டுக்காரருடைய கம்ப்யூட்டர். மற்றதெல்லாம் என் கைதான். அடுப்பு, மாடு, மிளகுக் கொடி, மரவள்ளிக் காடு, ரேஷன் கடை வரிசை, அவருக்குச் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, ராத்திரி புரட்டிப் படுக்க வைப்பது, எல்லாம். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறினவர், ஒற்றை மூங்கில் ஏணி வழுக்கி விழுந்து கழுத்தை உடைத்துக்கொண்டார். உயிர் பிழைத்ததே பெரிது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மார்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. இடது கையைத் தோளிலிருந்து தூக்குவார், ஆனால் விரல்கள் மடங்கியே கிடக்கும். வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மட்டும் திரும்பி வந்தன.

மரம் ஏறுவதற்கு முன்னால் அவர் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவர். படித்துவிட்டு ஏன் மலைக்குத் திரும்பி வந்தார் என்று கேட்டால் இன்னொரு சண்டை வரும், அதை விடுங்கள். விழுந்த பிறகு அந்த மூன்று விரலை வைத்துக்கொண்டு, பெரிய உருண்டை வைத்த மவுஸ் ஒன்றை உருட்டி உருட்டி, வீட்டுப் படம் போடக் கற்றுக்கொண்டார். ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் இருக்கிற இன்ஜினியர்கள் பிளானை அனுப்புவார்கள். இன்னும் அஸ்திவாரம் கூடத் தோண்டாத வீட்டை, வண்ணம் பூசி, வாசலில் கார் நிறுத்தி, வெயில் விழுகிற மாதிரி இவர் படமாக்கிக் கொடுப்பார். அவர்கள் யாரும் இவரை நேரில் பார்த்ததில்லை. போனில் 'சார், சார்' என்பார்கள். மூன்று விரல்காரர் என்று ஒருத்தருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்பதுதான் அவருடைய ஆசை.

அதனால்தான் நான் அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை. யாரும் தொடாதே என்று சொல்லவில்லை. ஒரு தடவை தூசி தட்டலாம் என்று துணியோடு போனேன். அவர் என் கையையே பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு மனுஷனுக்கு நாள் முழுக்க இன்னொருத்தி கைதான் என்றால், அவர் கை மட்டும் படுகிற சாமான் ஒன்றாவது வேண்டாமா? துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வினை வந்தது எங்கள் பனியால். கொல்லிமலைப் பனி என்று கீழே இருக்கிறவர்கள் வாயைப் பிளந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். வந்து நாலு மாசம் குடித்தனம் பண்ணிப் பார்க்கட்டும். உப்பு தண்ணீர் விட்டுக்கொள்ளும், தீப்பெட்டி நமத்துப் போகும், டார்ச் லைட்டுக்குள் பச்சை பூக்கும். தேவனூர் நாடு என்கிற எங்கள் மலைப்பக்கத்தில் எந்த வீட்டிலும் ஒரு சாமானை வெறுமனே வைக்க மாட்டோம். ரேடியோவுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கேஸ் அடுப்புக்குக் கூட உறை. கம்ப்யூட்டர் வந்ததும் அவரே கேட்டார், பனி ஏறாமல் அதற்கு ஒரு உறை தைத்துக் கொடு என்று. தார்ப்பாயை வெட்டி, உள்பக்கம் பழைய கம்பளியை வைத்து, லைட் எரிகிற இடத்துக்கும் வயர் போகிற இடத்துக்கும் மட்டும் ஓட்டை விட்டுத் தைத்தேன். நல்ல கனமான உறை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வந்து பார்த்து மெச்சிக்கொண்டு போனார்கள். பூனை அதன் மேல்தான் படுக்கும். கதகதப்பு.

அந்தக் கதகதப்புதான் பெட்டியைக் கொன்றது. படத்தை முடிவாக உருவாக்குவதற்கு அந்தப் பெட்டி இரண்டு மணி நேரமாவது வேலை செய்யும். எங்கள் வீட்டுப் பேச்சில் அதற்குப் 'படம் வேகுது' என்று பெயர். ஒரு நாள் படம் பாதி வெந்துகொண்டிருக்கும்போது பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது. முதலில் கரண்டு என்று நினைத்தோம். அப்புறம் பெட்டிக்குள் இருக்கிற காற்றாடிகள் ஊளையிட ஆரம்பித்தன. ஒரு இன்ஜினியர் வேறு, பெரிய வீடு ஒன்றின் படத்தை அவசரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சேலத்தில் பெட்டியை வாங்கின கடைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார், போனைக் காதில் பிடிக்க முடியாதே. கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டார். சூடு எவ்வளவு காட்டுகிறது, எப்போது அணைகிறது, பெட்டியைச் சுற்றிக் காற்று வருகிறதா?

"உறை போட்டிருக்கேனுங்க," என்றார் இவர்.

"என்ன உறைங்க சார்?"

"தார்ப்பாய்ல தச்சது. உள்ளுக்குக் கம்பளி. இங்க பனி சாஸ்திங்க."

 அந்த ஆள் சிரித்தாரே ஒரு சிரிப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு ஆடி மாசம் இங்கே வந்து இருந்து பார், உன் சிரிப்பும் நமத்துப் போகும் என்று அடுப்படியிலிருந்தே கத்தலாம் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் பார்த்துக் கண்ணால் அடக்கினார்.

சிரித்து முடித்துவிட்டுக் கடைக்காரர் விளக்கமாகத்தான் சொன்னார். பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறது, படம் வேக வைப்பது அதுதான். அதில் இருக்கிற சின்னச் சின்னச் சில்லுகளின் சூட்டை மேலே இருக்கிற அலுமினியத் தகட்டுக்குக் கடத்த, நடுவில் மெத்தென்று ரப்பர் மாதிரி தெர்மல் பேடு ஒட்டியிருப்பார்கள். சூட்டில் வெந்து அது வறண்டு போயிருக்கும், புதுசு வெட்டி ஒட்ட வேண்டும். கார்டைச் சேலத்துக்கு அனுப்பினால் வரிசையில் கிடக்கும், எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. பேடு அனுப்பினால் சாரே மாற்றிக்கொள்வாரா?

"உங்களுக்குக் கை பழக்கம் இருக்குதுங்களா சார்? ஸ்க்ரூ எல்லாம் ரொம்பச் சின்னதா இருக்கும். கழட்டிருவீங்களா?"

நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"கழட்டிருவேனுங்க," என்றார் அவர். "அனுப்பி வுடுங்க."

போன் வைத்ததும் நான் வாயைத் திறந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊருக்கே தெரியும். "ஏனுங்க, சட்டைப் பொத்தான் போட நானு வேணும். அதைப் போயி எப்படிங்க கழட்டுவீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். அவர் கோபப்படவில்லை. "பாப்போம் புள்ள. அது எம் பொட்டி," என்றார். 

மலைக்குச் சாமான் வருவது பஸ்ஸில்தான். கூரியர்காரர்கள் அடிவாரத்துக் காரவள்ளியோடு நின்றுவிடுவார்கள், கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தாலே அவர்களுக்குத் தலை சுற்றும் போலிருக்கிறது. அங்கே ஒரு டீக்கடையில் பொட்டலத்தை இறக்கிவிட்டு, எங்கள் கண்டக்டருக்குப் போன் போட்டார்கள். கண்டக்டர் டிக்கெட் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "என்னங்க அக்கா, மருந்துங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். பொட்டலத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு தகடுகள் இருந்தன, ஒன்று கொஞ்சம் கனம், ஒன்று மெலிசு. அமுக்கினால் வேகாத பணியாரம் மாதிரி உள்ளே போனது. கூடவே ஒரு ஊசிக் குழாயில் பசையும் சின்னத் திருப்புளியும் இருந்தன.

மறுநாள் காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டேன். பெட்டியைத் தூக்கி வைக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார். சுமப்பது தொடுவதில் சேராது என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. கார்டைப் பிடித்திருக்கிற கொக்கியைக் கரண்டிக் காம்பால் அமுக்கி, அவரே வெளியே எடுத்தார். செங்கல் நீளம் இருந்தது, நல்ல கனம். பின்பக்கம் திருப்பி வைத்தால் சுற்றிலும் ஸ்க்ரூ. கடைக்காரர் சொன்னது சரிதான், கடுகுக்கு அண்ணன் தம்பி மாதிரி.

"திருப்புளியக் கையோட சேத்துக் கட்டு," என்றார். காலுக்குச் சுற்றுகிற துணிப் பட்டையை எடுத்து, உள்ளங்கையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினேன். அப்புறம் என்னைப் போகச் சொன்னார்.

போனேன். எங்கே போவது? மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், தண்ணீர் ஏற்கெனவே இருந்தது. கூட்டின வாசலையே மறுபடி கூட்டினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், திருப்புளி நுனி ஸ்க்ரூவின் தலையைத் தேடிக்கொண்டே இருந்தது. உட்காரும், நழுவும். உட்காரும், தோளைச் சாய்த்து முழுக் கையையும் திருப்புவார், நழுவும். அவர் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. துடைக்கப் போனால் கத்துவார். அடுப்பில் கேப்பைக் களி அடி பிடித்து, அந்த நாற்றம் வந்த பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

ஆனால் கழற்றினார். சும்மா சொல்லக் கூடாது, கடைசி ஸ்க்ரூ வரைக்கும் அவரே கழற்றினார். கிண்ணத்தில் அவை விழுகிற சத்தத்தை நான் வெளியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். காற்றாடி வயரைப் பல்லால் கடித்து உருவினார். மேல் தகட்டைத் தூக்கினதும், "இங்க வந்து பாரு," என்று கூப்பிட்டார். உள்ளே பழைய பேடு எல்லாம் காய்ந்த வரட்டி மாதிரி உதிர்ந்து, சுற்றிலும் எண்ணெய் கசிந்து, அதில் எங்கள் வீட்டு மிளகுத் தூசி அத்தனையும் அப்பிக் கிடந்தது. குனிந்து பார்த்த எனக்கு அடுக்கடுக்காகத் தும்மல். "நீ தச்ச உறைக்குள்ள ரசமே வச்சிருக்கலாம் புள்ள," என்று சிரித்தார். அவர் அப்படி என்னைக் கிண்டல் பண்ணி எவ்வளவு நாள் ஆகிவிட்டது. அவர் புண்ணுக்குக் கட்டுப் போட வைத்திருந்த ஸ்பிரிட்டையும் பஞ்சையும் கொண்டுவந்து கொடுத்தேன். துடைப்பது அவருக்குச் சுலபமாகத்தான் இருந்தது. சில்லு எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகும் வரைக்கும் துடைத்தார். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. மத்தியானச் சோற்றை ஊட்டும்போது இரண்டு பேரும் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம்.

சோற்றுக்கு அப்புறம் புதுப் பேடு. பேடுத் தகட்டைச் சில்லின் அளவுக்குத் துண்டு போட வேண்டும். திருப்புளியை அவிழ்த்துவிட்டு, அதே பட்டையில் பிளேடைக் கட்டி, அதையும் ஒரு மாதிரி வெட்டிவிட்டார். ஓரம் கோணல், ஆனால் போதும். பாழாய்ப் போன விஷயம் என்னவென்றால், அந்தப் பேடின் இரண்டு பக்கமும் கண்ணுக்கே தெரியாத மெல்லிசான பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறது. அதை உரித்தால்தான் சூடு போகும். உரிக்க நகம் வேண்டும். இரண்டு விரல் நுனி எதிரும் புதிருமாகச் சேர்ந்து கிள்ள வேண்டும். அவருடைய மூன்று விரலும் அமுக்கும், தள்ளும், உருட்டும். கிள்ளாது.

முதல் துண்டை மேசையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அது திரண்டு சுருண்டுவிட்டது. இரண்டாவதைப் பல்லால் கடித்தார். தாளோடு சேர்ந்து பேடும் பிய்ந்து வந்தது. மூன்றாவது கையிலேயே ஒட்டிக்கொண்டு, உதறினால் விழாமல், கடைசியில் தரையில் விழுந்து தூசியைப் பூசிக்கொண்டது. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு கிள்ளு. எனக்கு அது ஒரே ஒரு கிள்ளு. பச்சைப் பிள்ளை கூட உரித்துவிடும். என் விரல்கள் தன்னால் அசைந்தன. முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, தாள மட்டும் நானு உரிச்சுக் குடுக்கறனுங்க. ஒட்டறது நீங்களே ஒட்டிக்கங்க."

"சும்மா இரு."

"தாளுதானுங்க."

"சும்மா இருன்னு சொல்றேனில்ல. போ அந்தப் பக்கம்."

போகவில்லை. போக முடியவில்லை. இன்னொரு துண்டை எடுத்தார். உதட்டால் ஒரு மூலையைப் பிடித்து, தலையை மெதுவாகப் பின்னால் இழுத்தார். தாள் கொஞ்சம் எழும்பியது.  பாதி வரைக்கும் அழகாக வந்தது. அப்புறம் அவர் கழுத்து, அந்த உடைந்த கழுத்து, எப்போதும் போல வெடுக்கென்று ஒரு துடிப்புத் துடித்தது. துண்டு இரண்டாகக் கிழிந்துவிட்டது. அவர் வாயில் பாதி, மேசையில் பாதி. வாயில் இருந்ததைத் துப்பக் கூட இல்லை.

நான் பேடுத் தகட்டைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி இருந்தது எண்ணி எண்ணி வெட்டினால் எல்லாச் சில்லுக்கும் சரியாக வரும். ஒரு துண்டு வீணானாலும் கார்டை மூட முடியாது. மறுபடி கடைக்காரருக்குப் போன் போட வேண்டும். பேடு என்னங்க சார் ஆச்சு என்று அந்த ஆள் கேட்பான். அவனுக்கு இவர் என்ன சொல்வார்?

ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கார்டைத் தள்ளிவிட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். பிளேடு கட்டின கையை என் பக்கம் நீட்டினார்.

"இதை அவுத்துரு," என்றார். "நீயே ஒட்டு."

அவிழ்த்தேன். வெட்டினேன், உரித்தேன், ஒட்டினேன். கடைக்காரர் போனில் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்து, எங்கே கனம், எங்கே மெலிசு என்று முதல் நாலைந்துக்குச் சொன்னார். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். வெளியே பனி, ஒன்றும் தெரியாது. அந்தப் படத்தில் இருந்தபடி நடுச் சில்லுக்குப் பசை வைத்தேன், மேல் தகட்டை மூடினேன், ஒரே ஸ்க்ரூவை முழுதாக இறுக்கிவிடாமல் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். வேண்டுமென்றே மெதுவாகச் செய்ய முயன்றேன். அப்படியும் அவருக்குக் காலையிலிருந்து பிடித்தும் முடியாத வேலை, எனக்கு ஒரு உலை கொதிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

பெட்டியில் மாட்டி, உறை இல்லாமல், ஆன் பண்ணினோம். உயிர் வந்தது. படத்தை வேக வைத்தார், அதற்கு மட்டும் கையை ஒரு தடவை உருண்டையில் வைத்து எடுத்தார். சூடு காட்டுகிற எண் ஏறிற்று, ஒரு இடத்தில் நின்றுவிட்டது. காற்றாடி சத்தமே இல்லை. நான் சாமியைக் கும்பிட்டேன். அவர் மடியில் போர்த்தியிருந்த துப்பட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். படம் முழுதாக வெந்து முடிந்தது. மாடி வைத்த வீடு, வெள்ளைச் சுவர், வாசலில் கார்.

"ஏனுங்க, முடிஞ்சுருச்சு போலிருக்குதுங்க. இன்ஜினியருக்கு அனுப்பலீங்களா?"

"அனுப்போணும்," என்றார். கை வெளியே வரவில்லை. "நீயே அனுப்பு புள்ள."

"எனக்கு அதுல என்னங்க தெரியும்?"

"நானு சொல்றேன். உருட்டு."

எனக்கு வந்ததே கோபம். அது உங்கள் வேலை, நீங்கள் பாருங்கள், எனக்கு மாடு கிடக்கிறது என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். மாட்டுக் கொட்டகையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்த மவுஸின் டக் டக் சத்தம் அங்கே வரைக்கும் கேட்கும், எத்தனையோ நாள் அதைக் கேட்டுக்கொண்டே பால் கறந்திருக்கிறேன். ஒரு டக் கேட்டால் போதும், உள்ளே போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இருந்தது. பால் கறந்தேன், சாணி அள்ளினேன், புல் போட்டேன். கேட்கவே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் உள்ளே போனால், திரை அணைந்து கறுப்பாக இருந்தது. வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தார். போன் மேசையில் அடித்துக்கொண்டிருந்தது, அந்த இன்ஜினியர்தான். அடித்து அடித்து ஓய்ந்தது.

நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உருண்டையில் கையை வைத்தேன். திரைக்கு வெளிச்சம் வந்தது.

"சொல்லுங்க," என்றேன்.

"மேல கொண்டு போ. இன்னும். நில்லு. அங்க அமுக்கு."

அமுக்கினேன்.

"நல்லாச் செஞ்ச," என்றார்.

அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்குவதற்கு நான் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு அழுகைதான் வந்தது.

இப்போது அடுத்த வீட்டுக்குப் பிளான் வந்திருக்கிறது. காலையில் சோறு ஊட்டி முடித்ததும், "வா புள்ள, உக்காரு," என்கிறார். துப்பட்டிக்குள்ளிருந்து கையை வெளியே எடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தேன். எடுக்கவில்லை. சுவர் எங்கே, ஜன்னல் எங்கே என்று அவர் சொல்லச் சொல்ல நான் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.